பசைக்கு ஒட்டாத பிளாஸ்டிக்: பந்தயக் கார்ட்டின் விரிசல் வைத்தியம்

பந்தயக் கார்ட்டின் மேலுடல், அதாவது தடத்தில் எல்லோரும் ‘பாடி’ என்று சொல்வது, ஐந்து பிளாஸ்டிக் துண்டுகளால் ஆனது. முன் பம்பர் குழாய்களை மூடி நிற்பது நோஸ். ஸ்டியரிங்குக்கு முன்னால் பந்தய எண்ணைத் தாங்கிச் சாய்ந்து நிற்பது ஒரு பலகை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே இரு பக்கமும் சைடு பாட்கள். பின்சக்கரங்களுக்குப் பின்னால் அகலமான ஒரு காப்பு. கார்ட்டில் ஓட்டுநர் தரையிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்தில், சீட் பெல்ட் இல்லாமல் உட்கார்ந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் போகிறார். நான்கு சக்கரங்களும் திறந்தே கிடக்கின்றன. சுழலும் இரண்டு டயர்கள் உரசினால் ஒன்று மற்றதன்மேல் ஏறிவிடும். வண்டி காற்றில் எகிறும். டயரும் டயரும் சந்திக்காமல் இடையில் நின்று தடுப்பது இந்தப் பிளாஸ்டிக்தான். ஆகவே பாடியில் விழும் விரிசலைத் தோற்றக் குறையாக மட்டும் கருதி விட்டுவிட முடியாது.

1956-இல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ், புல்வெட்டும் இயந்திரத்துக்கான எஞ்சினை வைத்து முதல் கார்ட்டைக் கட்டியபோது அதில் குழாயும் சக்கரமும் இருக்கையும் தவிர வேறெதுவும் இல்லை. பிளாஸ்டிக் உடல் வந்தது வெகுகாலம் கழித்து. இன்று கார்ட் பந்தயத்துக்கு விதி வகுப்பது, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. 1962-இல் தொடங்கிய சி.ஐ.கே. என்ற ஆணையம். பந்தயக் கார்ட்டின் பாடியில் கார்பன் ஃபைபரும் கெவ்லாரும் கண்ணாடி இழையும் கூடாது என்கிறது அதன் விதி. பிளாஸ்டிக்காக இருந்தால் அது சில்லுசில்லாகச் சிதறக் கூடாது. உடைந்தாலும் கூர்முனை விடக் கூடாது. மூலைகளின் வளைவு ஆரம் 5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. சைடு பாட்டின் மேற்பரப்பு சீராகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். பொருத்துவதற்கான துளைகளைத் தவிர வேறு துளையோ வெட்டோ அதில் இருக்கலாகாது. பழுதுபார்ப்பவர் இந்த விதிகளை மனத்தில் வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். அவர் கையிலிருந்து வெளியேறும் துண்டும் இதே சோதனையைத் தாண்டியாக வேண்டும்.

இந்த விதிகளுக்கு ஏற்ற பொருளாக அமைந்தது எச்.டி.பி.ஈ. எனப்படும் அடர் பாலிஎதிலீன். பெரும்பாலான கார்ட் பாடிகள் இதனால்தான் செய்யப்படுகின்றன. தண்ணீரைவிட எடை குறைவு. ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸில் உருகும். அடி விழுந்தால் உடைவதற்கு முன் நன்றாக வளைந்துகொடுக்கும். துண்டுகள் ஊதி வார்க்கும் முறையில் உருவாகின்றன. சூட்டில் இளகிய பிளாஸ்டிக் குழாயைத் தொங்கவிட்டு, அதன்மேல் இரண்டு பாதி அச்சுகளை மூடி, உள்ளே காற்றைச் செலுத்தினால் குழாய் உப்பி அச்சின் சுவரில் படியும். எங்கே அதிக தூரம் இழுபட வேண்டியிருக்கிறதோ அங்கே சுவர் மெலிந்துவிடும். வெளிப்பக்க மூலைகளும் ஆழமான மடிப்புகளும் அப்படிப்பட்ட இடங்கள். இரண்டு அச்சுகள் கடித்து மூடிய தையல் கோடும் பலவீனமான இடமே. பழைய பாட் ஒன்றை அறுத்து அதன் குறுக்குவெட்டைப் பார்த்தால், ஒரே துண்டில் சுவர் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருப்பது கண்ணுக்கே தெரியும்.

மோதலில் விழும் விரிசல் எல்லோருக்கும் தெரிந்தது. அதைவிட அதிகமாக ஏமாற்றுவது மெதுவாக வளரும் விரிசல். கார்ட்டில் ஸ்பிரிங் கிடையாது, ஷாக் அப்சார்பர் கிடையாது. சட்டகமே முறுக்கி நெளிந்து அந்த வேலையைச் செய்கிறது. அந்த முறுக்கலும் எஞ்சினின் அதிர்வும் போல்ட்டு வழியாகப் பாடிக்குள் இறங்குகின்றன. போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால் துளையின் விளிம்பில் பிளாஸ்டிக் நசுங்கும். அங்கே முடியளவு கீறல் விழும். ஒவ்வொரு சுற்றிலும் அது கொஞ்சம் கொஞ்சமாக நீளும். சைடு பாட் தரையிலிருந்து 25 முதல் 60 மி.மீ. உயரத்துக்குள் நிற்க வேண்டும் என்பது விதி. தடத்தின் ஓரத்து மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் அதன் அடிவிளிம்பு தேய்ந்து மெலிவதில் வியப்பில்லை.

வெயிலும் தன் பங்குக்குச் சேதம் செய்யும். புற ஊதாக் கதிர் பாலிஎதிலீனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்து மேற்பரப்பை மொறுமொறுப்பாக்குகிறது. கரித்தூள் கலந்த கறுப்புப் பாடி இதைத் தாங்கும் அளவுக்கு மற்ற நிறங்கள் தாங்குவதில்லை. பலரும் அறியாத இன்னொரு காரணம் சோப்பு. பாலிஎதிலீன் இழுவிசையில் இருக்கும்போது சோப்பு நீர், டிடர்ஜென்ட் போன்றவை அதன்மேல் பட்டால் விரிசல் வேகமாக வளரும். பிளாஸ்டிக் தொழிலில் இதற்கென்றே ஒரு தரச்சோதனை உண்டு. அதில் வளைத்துப் பிடித்த துண்டை டிடர்ஜென்ட் கரைசலில் ஊறவைத்துத்தான் பார்க்கிறார்கள். பந்தயம் முடிந்து பாடியைச் சோப்புப் போட்டுக் கழுவுவதில் தவறில்லை. நல்ல தண்ணீரில் அலசாமல் போல்ட்டு இறுகிய நிலையில் அப்படியே காயவிடுவதுதான் தவறு.

விரிசலைக் கண்டதும் கை முதலில் தேடுவது பசையை. ஃபெவிகுவிக், அரால்டைட், எம்-சீல் என்று வீட்டில் இருப்பதையெல்லாம் போட்டுப் பார்ப்பார்கள். காய்ந்ததும் கல்போல இறுகும். ஒட்டிவிட்டது என்றே தோன்றும். பாடியைச் சற்று வளைத்தால் பசை முழுசாகப் பெயர்ந்து, ஒட்டிய சுவடே இல்லாமல் கையோடு வரும். பசையின் தரம் இதற்குக் காரணமில்லை. பசை ஒட்ட வேண்டுமானால் முதலில் பரப்பின்மேல் படர வேண்டும். பாலிஎதிலீன் மேல் தண்ணீர் ஊற்றினால் முத்துமுத்தாகத் திரண்டு ஓடுகிறதே, பசைக்கும் அதே கதிதான். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட அந்தச் சங்கிலிகளில் பசை பற்றிக்கொள்ள ஒரு பிடியும் இல்லை. பி.வி.சி. பைப்பை ஒட்டும் கரைசல் பைப்பின் மேற்பரப்பையே கரைத்து இரண்டையும் ஒன்றாக்குகிறது. பிளம்பர் வேலையை ஒருமுறை பார்த்தவர்களுக்கும் அது தெரியும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கை அசிட்டோன் அதேபோல் கரைக்கும். ஆனால் சாதாரண வெப்பநிலையில் அடர் பாலிஎதிலீனைக் கரைக்கக்கூடிய திரவம் பட்டறையில் கிடைக்காது. எதுவும் அண்டாது என்பதால்தான் ஆசிட்டையும் ப்ளீச்சையும் இதே பிளாஸ்டிக் கேனில் அடைத்து விற்கிறார்கள்.

பாலிஎதிலீனுக்கென்றே உருவான பசைகளும் இல்லாமலில்லை. 3எம் நிறுவனத்தின் டிபி 8005 போன்ற இரண்டு பாக அக்ரிலிக் பசைகள் முன்தயாரிப்பு அதிகமின்றியே இதில் ஒட்டும். நீலச் சுடரைப் பரப்பின்மேல் வேகமாக ஓட்டி, மேல்தோலை மட்டும் ஆக்சிஜனேற்றம் செய்து, அதன்மேல் பசை போடும் வழியும் தொழிற்சாலைகளில் உண்டு. இரண்டும் செலவு பிடிப்பவை. அதோடு, ஓயாமல் நெளியும் பாடியில் பசைக்கோடு எப்போதும் அந்நியப் பொருளாகவே நிற்கும். பிளாஸ்டிக்கை அதே பிளாஸ்டிக்கால், உருக்கி ஒன்றாக்குவதே சரியான வழி. தமிழ்நாட்டுத் தெருக்களில் ஓட்டைக் குடத்தையும் பிளந்த வாளியையும் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் இழைத்து ஒட்டித் தந்தவர்கள் செய்ததும் இதைத்தான். கார்ட் பட்டறையில் அந்தச் சூட்டை அளந்து கொடுக்கிறார்கள் என்பதே வேறுபாடு.

வெல்டிங் தொடங்கும் முன் கையிலிருப்பது எந்தப் பிளாஸ்டிக் என்று உறுதிசெய்ய வேண்டும். துண்டின் உட்பக்கத்தில் முக்கோணத்துக்குள் 2 என்று அச்சாகியிருந்தால் அது எச்.டி.பி.ஈ.; 5 என்றால் பாலிபுரோப்பிலீன். குறி இல்லாவிட்டால் மறைவான ஓரத்தில் சிறு சீவலை வெட்டித் தண்ணீரில் போடலாம். மிதந்தால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. மூழ்கினால் வேறு ஏதோ. சீவலைக் கொளுத்தினால் பாலிஎதிலீன் மெழுகுவத்தி அணைந்த வாசனையோடு சொட்டுச் சொட்டாக உருகி எரியும், ஏ.பி.எஸ். கரும்புகை கக்கும். பாலிஎதிலீனில் நகத்தால் கீறினால் தடம் விழும். இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் ஒட்டிப் பார்ப்பதே கடைசிச் சோதனை. எச்.டி.பி.ஈ. என்று தெரிந்த கம்பியின் நுனியைத் துண்டின் பின்பக்கத்தில் உருக்கி அழுத்தி, ஆறவிட்டு, இடுக்கியால் இழுக்க வேண்டும். பிய்ந்து கிழிந்தால் ஒரே இனம். சுத்தமாகக் கழன்று வந்தால் வேறு இனம். பாலிஎதிலீனும் பாலிபுரோப்பிலீனும் எவ்வளவுதான் நெருங்கிய உறவானாலும் உருகிய நிலையிலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை.

நிரப்புவதற்கான வெல்டிங் கம்பி 3, 4 மி.மீ. தடிமனில் கடைகளில் கிடைக்கிறது. ஆனால் பழுதுபார்ப்பவர்கள் பொன்போலச் சேர்த்துவைக்க வேண்டியது, இனி ஒட்டவே முடியாது என்று ஒதுக்கிய பழைய பாடியை. அதன் தட்டையான பகுதியிலிருந்து பென்சிலைவிட மெல்லிய பட்டைகளாக அறுத்தெடுத்தால் நிறமும் பொருந்தும். அதைவிட முக்கியமாக, உருகும் குணமும் பொருந்தும். ஊதி வார்ப்பதற்கான பாலிஎதிலீனின் சங்கிலிகள் மிக நீளமானவை. உருகினாலும் கெட்டியான பாகுபோல நின்று, இட்ட இடத்தில் இருக்கும். வாளி, மூடி போன்றவற்றை வார்க்கும் ரகம் உருகியதும் நீர்த்து ஓடும். இரண்டும் எச்.டி.பி.ஈ. என்ற ஒரே பெயரில் இருந்தாலும், ஒன்று இளகும்போது மற்றது ஓடிக்கொண்டிருந்தால் மூட்டு சீராக அமையாது. கம்பி என்ற பெயரில் பால் கேனையோ எண்ணெய் டப்பாவையோ நறுக்கிப் போடுவதைவிடப் பழைய பாட்டின் பட்டை எவ்வளவோ மேல்.

வேலை வண்டியின் மேலேயே நடக்கக் கூடாது. கார்ட்டின் பெட்ரோல் டேங்க் ஓட்டுநரின் கால்களுக்கு நடுவே, ஸ்டியரிங் தண்டுக்கடியில் இருக்கிறது. சைடு பாட்டுக்கும் அதற்கும் ஒரு கை தூரம்தான். துண்டைக் கழற்றி, வண்டியிலிருந்து தள்ளிக் கொண்டுபோய், காற்றோட்டமான இடத்தில் வைத்துத்தான் சூடு காட்ட வேண்டும். விரிசலைச் சுற்றியுள்ள ஸ்டிக்கர்களையும் அவற்றின் பசையையும் முழுவதும் உரித்துவிட வேண்டும். பந்தய ஸ்டிக்கர்கள் பெரும்பாலும் பி.வி.சி.; கருகினால் கண்ணையும் தொண்டையையும் அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். பிறகு செயின் எண்ணெய், டயர் ரப்பர் தூள் எல்லாம் போகும்படி கழுவி, உலர்த்தி, ஐசோபுரோப்பில் ஆல்கஹாலால் துடைத்தால் விரிசலின் உண்மையான நீளம் தெரியவரும்.

அந்த நீளம் கண்ணுக்குத் தெரிவதைவிட எப்போதும் அதிகம். துண்டை மெல்ல வளைத்தால் விரிசலின் நுனிக்கு அப்பால் பிளாஸ்டிக் வெளுத்துக் காட்டும். சங்கிலிகள் ஏற்கெனவே இழுபட்டுத் தளர்ந்த பகுதி அது. அந்த வெளுப்பு முடியும் இடத்தில் 3 மி.மீ. துளை ஒன்று போட வேண்டும். விரிசல் முன்னேறுவது அதன் நுனியின் கூர்மையால். நுனி வட்டத் துளையில் போய் முடிந்தால் அந்த விசை ஒரு புள்ளியில் குவியாமல் பரவிவிடும். பிறகு விரிசலின் நெடுக ‘வி’ வடிவில் பள்ளம் வெட்ட வேண்டும். வாய் 60 டிகிரி அளவுக்கு விரிந்திருக்கலாம். ஆழம் சுவரின் மூன்றில் இரண்டு பங்கு. உட்பக்கமும் கைக்கு எட்டுமானால் இரு புறமும் வெட்டி இரு புறமும் நிரப்புவது நல்லது. பின்காப்பு போல உள்ளே குழிந்து மூடிய துண்டுகளில் அதற்கு வழியில்லை. அங்கே பள்ளம் அடிவரை போய், உருகும் பிளாஸ்டிக் மறுபக்கம் எட்டிப்பார்க்க வேண்டும். மணல்தாள் இங்கே உதவாது. பாலிஎதிலீன் தேயாமல் நார்நாராகக் கிளம்பும். கூரான கத்தியாலோ சுரண்டியாலோ சீவுவதே முறை. வெல்டிங்குக்குச் சற்று முன்னால் பள்ளத்தின் இருபுறத்தையும் கம்பியின் மேற்புறத்தையும் மீண்டும் ஒருமுறை சுரண்டிவிட வேண்டும். வெயிலும் காற்றும் பட்டு ஆக்சிஜன் ஏறிய தோல் உருகினாலும் சரியாகக் கலக்காது.

இனி வெல்டிங். இரும்பை வெல்டிங் செய்வதுபோல இது திரவமும் திரவமும் சேர்ந்து ஓடுகிற வேலை அன்று. இரண்டு பக்கமும் பாகு நிலைக்கு வந்து, ஒன்றின் சங்கிலிகள் மற்றதற்குள் நுழைந்து பின்னிக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று தேவை: சூடு, அழுத்தம், சில நொடி அவகாசம். தோல்வியடையும் மூட்டுகளில் பெரும்பாலானவை ஒரே தவறால் தோற்கின்றன. கம்பி உருகியிருக்கும், அடிப்பரப்பு உருகியிருக்காது. மேலிருந்து பார்த்தால் அழகாகப் படிந்த கோடு. முதல் அடியிலேயே அது பட்டையாக உரிந்து வரும். எனவே சூட்டின் பெரும்பங்கை அடிப்பரப்புக்குத்தான் காட்ட வேண்டும். அது மங்கல் நீங்கி ஈரம் பூசியதுபோல மினுங்கும் கணமே கம்பியை அழுத்தும் கணம். வெளிர் நிறப் பாடியில் இது இன்னும் தெளிவு. உருகிய இடம் பால்வெள்ளை மாறிக் கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும்.

இதற்கான கருவி, நுனியில் 5 மி.மீ. அளவுக்குக் குறுகிய மூக்கு பொருத்திய ஹீட் கன். பெயின்ட் உரிக்கப் பயன்படும் அகல வாய்க் கருவி விரிசலைச் சுற்றிய பகுதி முழுவதையும் தொளதொளக்க வைத்துவிடும். எச்.டி.பி.ஈ.க்கு மூக்கிலிருந்து வரும் காற்று 300 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கலாம். உருகுநிலை 130 டிகிரிதானே என்று தோன்றலாம். வெளிவந்த காற்று பரப்பைத் தொடுவதற்குள் நிறையச் சூட்டை இழக்கிறது, பிளாஸ்டிக்கும் சூட்டை மெதுவாகத்தான் உள்வாங்குகிறது. முதலில் கம்பி இல்லாமல் விரிசலின் விளிம்புகளை ஆங்காங்கே உருக்கி ஒட்டி, துண்டு நகராதபடி பிணைத்துக்கொள்ள வேண்டும். பிறகு கம்பியை ஏறத்தாழ நேர்குத்தாகப் பிடித்து, மூக்கை விசிறியாக ஆட்டியபடி, கம்பிக்கும் பள்ளத்துக்கும் மாறிமாறிச் சூடு காட்டி, ஒரே சீரான அழுத்தத்தில் முன்னே செல்ல வேண்டும். கம்பியின் இருபுறமும் சிறு வரப்புபோலப் பிளாஸ்டிக் பிதுங்கினால் வேலை சரியாக நடக்கிறது என்று பொருள். புகை வந்தாலோ பழுப்பேறினாலோ குமிழி விட்டாலோ சூடு மிஞ்சிவிட்டது. அந்த இடத்தை வெட்டியெடுத்துவிட்டு மறுபடி தொடங்குவதே நல்லது. கருகிய பிளாஸ்டிக்கின் மேல் போட்ட அடுத்த அடுக்கும் வலுவாக இராது.

பாலிஎதிலீன் ஆறும்போது 2 சதவீத அளவுக்குச் சுருங்கும். கேட்கச் சிறிதாகத் தோன்றினாலும் நீண்ட விரிசலில் இது துண்டையே கோணலாக இழுத்துவிடும். அதனால் ஒரே முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட்டிக்கொண்டு போகாமல், பகுதி பகுதியாக, இடையிடையே ஆறவிட்டுச் செய்வார்கள். முடிந்தால் மரச்சட்டத்தில் வைத்துக் கிளாம்ப் போட்டுப் பிடிப்பார்கள். அவசரத்தில் ஈரத்துணி போடுவதும் தண்ணீர் ஊற்றுவதும் வெல்டிங்கைக் கெடுக்கும். திடீரென்று குளிர்ந்த பகுதிக்குள் இழுவிசை உறைந்துபோய், அடுத்த விரிசலுக்கு அதுவே வழிவகுக்கும். அரை மணி நேரம் தானாக ஆறட்டும். மேலே புடைத்து நிற்பதைக் கத்தியால் பரப்போடு பரப்பாகச் சீவிவிடலாம். உட்பக்கத்துப் புடைப்பை அப்படியே விட்டுவிட வேண்டும். அது மூட்டுக்கு வலு.

ஹீட் கன் இல்லாத இடங்களில் தட்டை நுனி வைத்த சால்டரிங் அயர்னைப் பயன்படுத்துகிறார்கள். சிறு விரிசலுக்கு அது போதும். ஆனால் சூட்டைக் கட்டுப்படுத்த வழியில்லாத அயர்ன் பிளாஸ்டிக்கை எளிதில் கருக்கிவிடும் என்பதால் வெப்பநிலையைத் திருகி வைக்கக்கூடியதே ஏற்றது. நெளிந்த எவர்சில்வர் ஊசிகளைச் சூடாக்கிப் பிளாஸ்டிக்குள் பதிக்கும் ஹாட் ஸ்டேப்லர் இப்போது கார், பைக் பட்டறைகளில் பரவலாகிவிட்டது. கார் பம்பருக்கு அது வசதியான கருவிதான். பந்தயக் கார்ட்டுக்கு அதைப் பரிந்துரைக்க மனம் வருவதில்லை. பாடி அடுத்த முறை அதே இடத்தில் கிழியும்போது உள்ளிருக்கும் உலோக முனை வெளியே நீட்டும். கூர்முனை கூடாது என்ற விதி எதற்காக இருக்கிறதோ அதையே அது மீறுகிறது. எவர்சில்வர் வலையைப் பின்பக்கத்தில் உருக்கிப் புதைக்கும் முறைக்கும் இந்தக் குறை உண்டு. வலு சேர்க்க வேண்டுமானால் பழைய பாடியிலிருந்து வெட்டிய பட்டையை, மூலைகளை உருட்டி, விரிசலுக்குக் குறுக்கே பின்பக்கத்தில் வைத்துச் சுற்றிலும் வெல்டிங் செய்வது மேலானது. உலோகம் இல்லை, வளையும்போது பாடியோடு சேர்ந்தே வளையும்.

இப்படிச் செய்த மூட்டு புதுப் பாடிக்குச் சமமாகுமா? ஆகாது. ஜெர்மானிய வெல்டிங் சங்கமான டி.வி.எஸ்.ஸின் வழிகாட்டி, சூடான காற்றால் எச்.டி.பி.ஈ.யை வெல்டிங் செய்த மூட்டுக்குக் குறுகிய காலச் சுமையில் மூலப்பொருளின் வலுவில் 0.8 பங்கையும், நீண்ட காலச் சுமையில் 0.4 பங்கையும் மட்டுமே கணக்கில் கொள்கிறது. அதுவும் தேர்ந்த கைகளின் வேலைக்கு. திடீர் அடியை மூட்டு ஓரளவு நன்றாகவே தாங்கும். ஓயாத இழுப்பைத்தான் தாங்காது. எனவே ஆறியபின் துண்டைக் கையால் இருபுறமும் வளைத்துப் பார்க்க வேண்டும். மூட்டின் ஓரத்தில் மயிரிழைக் கோடு திறந்தாலோ பட்டை விளிம்பு தூக்கினாலோ மீண்டும் வெட்டி நிரப்ப வேண்டும். வளைக்கும்போது மூட்டுக்கு அப்பால் நல்ல பகுதியும் சேர்ந்து வளைந்தால் தேர்ச்சி.

பந்தய நாளில் இத்தனைக்கும் நேரம் இராது. இரண்டு ஓட்டங்களுக்கு இடையில் செய்யக்கூடியது தையல்தான். விரிசலின் இருபுறமும் விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளித் துளைகள் போட்டு, கேபிள் டைகளைக் கோத்து இறுக்கி, வாலை ஒட்ட வெட்டி, மேலே அகலமான துணி டேப்பை ஒட்டிவிடுவார்கள். டையின் தலை உட்பக்கம் இருக்க வேண்டும். வாலைச் சாய்வாக வெட்டினால் அதுவே பிளேடுபோலக் கையைக் கிழிக்கும். பழைய துண்டு ஒன்றை உட்பக்கம் வைத்து அகல வாஷரோடு ரிவெட் அடிப்பதும் உண்டு. சிறு கிளப் பந்தயங்களில் அன்றைய பொழுதுக்கு இது செல்லக்கூடும். ஆனால் கூடுதல் துளைகளை ஏற்காத பந்தயத்தில் சோதனை அதிகாரி திருப்பி அனுப்பலாம். இப்படிப் போட்ட ஒவ்வொரு துளையும் பிற்பாடு ஒரு விரிசலின் தொடக்கம் என்பதையும் மறக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் டைகளை வெட்டியெறிந்து, துளைகளையும் சேர்த்து முறையாக வெல்டிங் செய்துவிட வேண்டும்.

எல்லாத் துண்டுகளையும் காப்பாற்ற முயல்வதும் சரியல்ல. சைடு பாட்டின் பக்கச் சுவர், எண் பலகை, அடிவிளிம்பு ஆகியவற்றில் விழும் விரிசல்கள் வைத்தியத்துக்கு நன்றாக உட்படும். போல்ட்டுத் துளையைச் சுற்றி நட்சத்திரமாகக் கிளம்பிய விரிசல்கள் அரிதாகவே நிலைக்கும். சுமை முழுவதும் அங்கேதான் இறங்குகிறது. நோஸ் இன்னும் கண்டிப்பானது. 2015 முதல் சர்வதேசப் போட்டிகளில் நோஸைப் பிடிக்கும் கொக்கிகள், முன்னால் செல்லும் வண்டியை இடித்தால் அது தன் இடத்திலிருந்து பின்னுக்கு நழுவும்படி அமைக்கப்பட்டுள்ளன. நழுவிய நோஸோடு கோட்டைக் கடந்தவருக்கு 5 விநாடி தண்டனை நேரம் கூடும். வேண்டுமென்றே இடித்து வழி பறிப்பதைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. கொக்கி உட்காரும் பகுதியில் வெல்டிங் புடைப்பு இருந்தால் நோஸ் நழுவ வேண்டிய விசையே மாறிவிடும்: சிறு உரசலுக்கே கழன்று ஓட்டுநருக்குத் தண்டனை வாங்கித் தரலாம், அல்லது பலமாக இடித்தும் அசையாமல் நிற்கலாம். அந்த இடத்தில் விரிசல் கண்டால் நோஸை மாற்றுவதே நேர்மையான வழி. அங்கீகாரம் பெற்ற பாடியில் வார்ப்பிலேயே பதிந்திருக்கும் முத்திரையும் எண்ணும் வெல்டிங்கில் அழிந்தாலும் அதே நிலைதான். வெயிலில் மொறுமொறுத்து, நகத்தால் கீறினால் மாவாக உதிரும் துண்டு கம்பிக்குக்கூட ஆகாது.

கார்ட் பாடிகளில் பெரும்பங்கு இத்தாலியில் தயாராகிறது. கோவையை அடுத்த செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலோ பயிற்சி எடுக்கும் அணிக்கு அது இறக்குமதிச் சரக்கு. பணம் இருந்தாலும் நினைத்த நாளில் கைக்கு வந்துவிடாது. ஆகவே வெல்டிங் தெரிந்த ஒரு மெக்கானிக் இங்கே அணிக்குப் பெரிய துணை. வெயில் கூடிய ஊர் என்பதால் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். வெல்டிங் செய்த துண்டை அதன்மேல் டயர்களை அடுக்கி வெயிலில் வைத்தால் பாலிஎதிலீன் மெல்ல மெல்லச் சாய்ந்து வடிவம் மாறிவிடும். நிழலில், சுமை ஏற்றாமல், தன் வடிவத்தில் இருக்கும்படி வைக்க வேண்டும்.

திரும்பப் பொருத்தும்போது விரிசலின் மூலகாரணத்தையும் சரிசெய்தால்தான் வேலை முடியும். பாட்டைத் தாங்கும் குழாய் மோதலில் வளைந்திருந்தால், துண்டை இழுத்துப்பிடித்துப் போல்ட்டு போட வேண்டிவரும். அந்த நிரந்தர இழுப்பில் நல்ல மூட்டும் பிளக்கும். முதலில் குழாயை நிமிர்த்தி, துண்டு கைவிசை இல்லாமல் தானாக உட்காரும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். போல்ட்டுத் தலைக்கடியில் அகலமான வாஷரும், அதற்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே ரப்பர் வாஷரும் வைத்து, பிளாஸ்டிக் நசுங்கத் தொடங்கும் முன் நிறுத்த வேண்டும். நட்டு கழலாமல் இருக்க நைலான் வளையம் வைத்த நட்டு உதவும், கூடுதல் இறுக்கம் உதவாது. ஸ்டிக்கரை மறுநாள் ஒட்டினால் போதும். முதல் பயிற்சி ஓட்டம் முடிந்ததும் ஸ்டிக்கர் இல்லாத உட்பக்கத்திலிருந்து டார்ச் வெளிச்சத்தில் மூட்டையும் துளைகளையும் பார்த்து, நுனித் துளையைத் தாண்டிக் கீறல் எதுவும் போகவில்லை என்று உறுதிசெய்துகொண்டு வண்டியைப் பந்தயத்துக்கு அனுப்பலாம்.